வன்னியில் வாகனம் வாங்குதலும் விற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பழைய வாகனங்களை வாங்கி விற்கும் நிலையம் நடத்துகிறோம். பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவி, மடு என்று பல பக்கத்திலிருந்தும் வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே எழுதியிருக்கிறோம். சில பதில்கள் எங்கள் வியாபாரத்துக்கே பாதகமானவை. ஏமாந்தவர் திரும்ப வரமாட்டார் என்பதால் அவற்றையும் மறைக்கவில்லை.

இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். பிறகும் ஏன் பழைய வாகனத்தின் விலை இறங்கவில்லை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் மறுபடி வழி திறந்தது. இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அந்தக் காலத்தில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஒரு வாகனத்தை மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டு, வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அது வாகனம் தந்த இலாபம் அல்ல. ரூபா விழுந்ததால் வந்த கணக்கு. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அந்த ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. 2025 இல் 300 ரூபாவைச் சுற்றி நின்றது. அதாவது, வரியே இல்லாமல் விட்டாலும் யப்பானிலிருந்து வரும் கார் பழைய விலைக்கு வராது.

வரியோ இல்லாமல் இல்லை. சுங்க இறக்குமதி வரி, அந்த வரியின் மேல் 2025 இல் வந்த 50 சதவீத மேலதிக வரி, எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி, விலை கூடிய வாகனமாயின் ஆடம்பர வரி, கடைசியில் 18 சதவீத வற் எனும் பெறுமதி சேர் வரி. வற் கணக்கிடப்படுவது வாகனத்தின் விலைக்கு மட்டுமல்ல, முன்னே கட்டிய வரிகளையும் சேர்த்த தொகைக்கு. வரிக்கும் வரி கட்டுகிறோம் என்று சனம் புலம்புவது மிகையில்லை.

புதிதாக வரும் வாகனம் இந்த விலையில் நிற்கும்வரை, 2015 ஆம் ஆண்டு வகன் ஆர் கார் வைத்திருப்பவர் தன் விலையைக் குறைக்கப் போவதில்லை. "கொஞ்சம் பொறுத்தால் விலை விழும்" என்று 2025 முழுவதும் காத்திருந்தவர்கள் பலர். அவசரம் இல்லாதவர் காத்திருப்பதில் பிழையில்லை. ஆனால் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வேலைக்குப் போக பஸ் இல்லாத ஊரில் இருப்பவர் ஒரு வருடம் காத்திருப்பதற்கும் விலை இருக்கிறது, அதையும் கூட்டிப் பாருங்கள்.

நானே யப்பானிலிருந்து நேரடியாக இறக்கலாமா?

இறக்கலாம். தனிநபர் சொந்தப் பாவனைக்கு 12 மாதங்களுக்கு ஒரு வாகனம். பாவித்த காராயின் உற்பத்தித் திகதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பணம் வங்கிக் கடன் கடிதம் (எல்.சி.) மூலமே போகவேண்டும். ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ கழித்துக் கப்பல் வரும்போது டொலர் எங்கே நிற்கும் என்ற ஆபத்து உங்களுடையது. மொழி தெரியாமல், ஏலம் பிடிக்கும் முகவரை நேரில் பாராமல், முதன்முறையாக இதைச் செய்பவருக்கு மிச்சமாவதைவிடத் தலையிடி அதிகம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கொழும்பில் விளம்பரத்தில் பார்த்த விலை குறைவாக இருக்கிறதே. உங்களிடம் ஏன் கூட?

வன்னியில் உள்ள வாகன விற்பனை நிலையங்களில் பெரும்பாலானவை இறக்குமதி செய்பவை அல்ல. கொழும்பு இறக்குமதியாளரிடம் எடுத்துக் கொண்டுவந்து நிறுத்துகிறோம், அல்லது ஊர்க்காரர் ஒருவரின் வாகனத்தைத் தரகுக்கு விற்றுக் கொடுக்கிறோம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். எண்ணெய், சாரதி, வழியில் ஒரு கல் தெறித்துக் கண்ணாடி வெடித்தால் அதன் செலவு எல்லாம் விலையில் ஏறும்.

கொழும்பில் சில வேளை விலை சட்டென்று இறங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. இறக்குமதி செய்த வாகனத்தை 90 நாட்களுக்குள் ஒருவரின் பெயரில் பதிய வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. தவறினால் மாதாமாதம் தண்டப்பணம் ஏறும். முன்பு இறக்குமதியாளர் நூறு வாகனங்களை அடுக்கி வைத்துவிட்டு நல்ல விலைக்குக் காத்திருப்பார். இப்போது எண்பதாம் நாள் நெருங்கும்போது அவருடைய குரலின் தொனியே மாறிவிடுகிறது. கொழும்பில் தெரிந்தவர் இருந்தால் அந்தத் தருணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்களும் அதைத்தான் பிடிக்கப் பார்க்கிறோம்.

லீசிங் (வாகனத் தவணைக் கடன்) எவ்வளவு கிடைக்கும்?

முன்பு வாகனம் பிடித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இப்போது கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

வாகனப் பெறுமதியில் எத்தனை சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்பதை மத்திய வங்கி தீர்மானிக்கிறது. 2025 யூலையில் கார், வான், ஜீப் வகைகளுக்கு 60 சதவீதம் என்று வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது 50 ஆக இறங்கியது. வர்த்தக வாகனங்களுக்கு இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்த 50 சதவீதக் கணக்கில், 60 இலட்சம் பெறுமதியான காருக்கு 30 இலட்சம் கையில் வேண்டும். காப்புறுதி, பெயர் மாற்றம், முத்திரைச் செலவு எல்லாம் அதற்கு மேல்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடன் கணக்கிடப்படுவது நீங்கள் பேசி முடித்த விலைக்கு அல்ல, மதிப்பீட்டாளர் எழுதும் பெறுமதிக்கு. எனவே "பெறுமதியைக் கூட்டி எழுதுவிக்கிறோம், முற்பணம் இல்லாமலே எடுக்கலாம்" என்று சொல்லும் தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். 60 இலட்சத்து வாகனம் 120 என்று காகிதத்தில் ஏறும். சிரித்துக்கொண்டு சாவியை வாங்கிப் போவீர்கள். மாதத் தவணை வரும்போதுதான் உண்மை தெரியும். வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கடன் தீராது, ஏனென்றால் அந்த வாகனம் ஒரு நாளும் அந்தப் பெறுமதிக்கு நின்றதில்லை. அப்படி எழுதித் தரச் சொல்லி எங்களிடமும் கேட்கிறார்கள். நாங்கள் எழுதுவதில்லை.

இன்னொன்று வன்னிக்கே உரியது. லீசிங் நிறுவனத்தின் நாட்காட்டி மாதச் சம்பளக்காரருக்குப் போட்ட நாட்காட்டி. எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குக் காசு வருவது காலபோக அறுவடை முடிந்து நெல் விற்கும்போது, பிறகு சிறுபோகத்தில் தண்ணீர் கிடைத்தால் இன்னொரு முறை. மாசி, பங்குனியில் வாகனம் வாங்க உற்சாகமாக வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்புக்கும் உரத்துக்கும் காசு இறைத்துவிட்டு நிற்கும்போது தவணை தவறுகிறது. சில நிறுவனங்கள் உழவு இயந்திரத்துக்கும் லான்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கும் போகத்துக்கு ஒருமுறை கட்டும் ஒழுங்கைத் தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள். கேளுங்கள். கார் எடுக்கும் விவசாயிக்கும் அதே ஒழுங்கு கிடைக்குமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேளுங்கள், பின்பு அல்ல.

தவணை தவறினால் வீதியில் மறித்து வாகனத்தைப் பறிக்கலாமா?

லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளராக இருப்பது நிறுவனம்தான். தவணை தவறினால் வாகனத்தை மீளப் பெறும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் உரிமை இருப்பது வேறு, சந்தியில் நான்கு பேர் வந்து சாவியைப் பிடுங்குவது வேறு. எழுத்து மூலமான அறிவித்தல் வந்ததா என்று பாருங்கள். வந்தவர்களிடம் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கேளுங்கள். வாகனம் போவதாயின் அதிலிருந்த பொருட்கள், மீற்றர் காட்டும் தூரம், டயர்களின் நிலை எல்லாவற்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்து வைக்க வேண்டும். பலாத்காரம் நடந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

இதைவிட நல்ல வழி, இரண்டாவது தவணை தவறுவதற்கு முன் நேரில் போய்ப் பேசுவது. வெட்கத்தில் தொலைபேசியை நிறுத்திவைப்பவர்களின் வாகனங்கள்தான் முதலில் போகின்றன.

"ஓப்பன் பேப்பரில்" வாகனம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம்.

விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த வாகனம் மூன்று கை மாறி நான்காவதாக உங்களிடம் வரும். பதிவில் இருப்பவர் வவுனியாவிலோ குருநாகலிலோ இருப்பார், அல்லது கனடாவுக்குப் போயிருப்பார், சில வேளை செத்தே போயிருப்பார். கையெழுத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருப்பதோடு ஒத்துவராவிட்டால் அந்தப் படிவம் வெறும் கடதாசி.

போருக்குப் பிறகு வன்னிக்குள் வந்த வாகனங்களில் கணிசமானவை இப்படித்தான் வந்தன. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்குப் போன சனம், மீள்குடியேறியபோது கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கியது. பத்திரத்தைப் பார்க்கும் நிலையில் யாரும் இருக்கவில்லை. அன்று அது விளங்கிக்கொள்ளக் கூடியது. இன்று அதே பழக்கத்தைத் தொடர்வதற்குக் காரணமே இல்லை. சட்டப்படி கைமாறியதை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் விபத்து நடந்தாலும், அந்த வாகனத்தில் களவு மணல் ஏற்றிப் பிடிபட்டாலும், பொலிஸ் முதலில் தேடிப் போவது பதிவில் இருப்பவரின் வீட்டுக்கு. ஆகவே விற்பவருக்கும் இது ஆபத்துத்தான், வாங்குபவருக்கு மட்டுமல்ல.

2025 இலிருந்து பதிவுக்கும் பெயர் மாற்றத்துக்கும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தேவை. "எனக்கு வருமான வரியே இல்லையே" என்று பலர் மலைக்கிறார்கள். இலக்கம் எடுப்பதும் வரி கட்டுவதும் ஒன்றல்ல. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதியலாம்.

வாங்குவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். பதிவு உரிமையாளர் யார், முழு உரித்தாளராக எந்த நிறுவனம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். லீசிங் கட்டி முடிந்தும் நிறுவனத்தின் பெயரை நீக்காமல் விட்ட வாகனங்கள் ஏராளம்.

காணாமற்போன தந்தையின் பெயரில் வாகனம் இருக்கிறது. விற்க முடியுமா?

இந்தக் கேள்வி வேறு மாவட்டங்களில் எத்தனை தரம் எழும் என்று தெரியாது, இங்கே எழுகிறது. இறந்தவரின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழும் உரித்தாளர்களின் சம்மதமும் கொண்டு நடைமுறையைத் தொடங்கலாம். காணாமற்போனவருக்கு, 2016 இன் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. அது மரணச் சான்றிதழ் அல்ல. குடும்பத்தார் அவருடைய சொத்து விடயங்களைக் கையாள உதவுவது. அதை எடுக்க விரும்பாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் "எடுங்கள்" என்று நாங்கள் வற்புறுத்துவதில்லை. வேறு யாரும் வற்புறுத்தக் கூடாது. எடுத்தவர்கள் அதைக் கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அதற்கு முன் யாரிடமும் முற்பணம் வாங்காதீர்கள்.

"ஏலத் தாள் இருக்கிறது, நாலரை கிரேட்" என்கிறார்கள். நம்பலாமா?

தாளை நம்பலாம், காட்டுபவரை நம்புவதற்கு முன் தாளைப் படியுங்கள். யப்பானில் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வாகனத்தையும் பரிசோதகர் பார்த்து ஒரு தாளில் குறிப்பார். மூலையில் தரப் புள்ளி இருக்கும். 4.5 என்றால் நல்லது, 3.5 என்றால் பாவனை தெரியும், ஆர் (R) என்ற எழுத்து இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தியது. அதைவிட முக்கியம், தாளின் கீழ்ப்பகுதியில் மேலிருந்து பார்த்ததுபோல வரைந்திருக்கும் வாகனப் படம். அதில் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் கீறல், யூ என்றால் பள்ளம், டபிள்யூ என்றால் திருத்திப் பெயின்ற் அடித்த இடம், எக்ஸ் என்றால் மாற்ற வேண்டிய பாகம். எண் கூடக் கூடக் காயம் பெரிது. முன் இடது கதவில் டபிள்யூ 2 என்று இருந்தால், அந்தக் கதவைச் சாய்வாக வெயிலில் பாருங்கள். நெளிவு கண்ணுக்குத் தெரியும்.

தாளில் இருக்கும் செசி (அடிச்சட்ட) இலக்கமும் வாகனத்தில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். தாளில் இருக்கும் கிலோமீற்றரைவிட மீற்றர் குறைவாகக் காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். மீற்றரைச் சுற்றுபவர் பிரேக் மிதியின் இறப்பரை மாற்ற மறந்துவிடுவார். 40 ஆயிரம் ஓடிய காரில் மிதியின் வலது ஓரம் வழவழவென்று தேய்ந்திருக்காது.

டித்வா புயலுக்குப் பிறகு வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் விற்பனைக்கு வருகின்றனவா?

2025 நவம்பர் இறுதியில் அந்தப் புயலோடு வந்த வெள்ளம் நாடெங்கும் வாகனங்களை மூழ்கடித்தது. அவற்றில் பல கழுவித் துடைத்து வேறு மாவட்டங்களுக்கு விற்பனைக்குப் போகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஆசனத்தைத் தரையில் பொருத்தும் ஆணிகளில் துரு இருக்கிறதா, மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியில் மணல் படிந்திருக்கிறதா என்று கைவிட்டுத் தடவுங்கள். கண்ணாடிகளை மூடிவைத்து வெயிலில் அரை மணி நேரம் விட்டுக் கதவைத் திறந்தால் மணமே சொல்லிவிடும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கைபிரிட் கார் எங்கள் வீதிகளுக்குத் தாக்குப்பிடிக்குமா?

தாக்குப்பிடிக்கும். வீதியைவிடப் புழுதியைத்தான் பாருங்கள். அக்குவா போன்ற கார்களில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின் ஆசனத்தின் அருகே இருக்கும் ஒரு துவாரத்தால் உள்ளே போகிறது. கிரவல் வீதியில் ஓடும் காரில் அந்த வலை அடைத்து, விசிறி திணறி, பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வலையைக் கழற்றித் துப்புரவாக்கச் சில நிமிடங்கள் போதும். அந்தத் துவாரத்தை மறைத்து அரிசி மூட்டை அடுக்காதீர்கள்.

மின்சாரக் கார்?

முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருபவர், வீட்டுக் கூரையில் சூரியப் படல் உள்ளவர், வீட்டில் இன்னொரு வாகனமும் இருப்பவர் என்றால் யோசிக்கலாம். மாதம் இரண்டு முறை கொழும்புக்கு ஓடுபவருக்கு இன்றைய நிலையில் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. நிறுவனம் சொல்லும் தூரம் குளிரூட்டி போட்டு ஏ9 இல் வேகமாக ஓடும்போது கிடைக்காது. வழியில் ஏற்றும் இடங்கள் கொழும்புப் பக்கம் இருப்பதுபோல வன்னியில் நெருக்கமாக இல்லை. வீட்டு இணைப்பு ஒற்றைக் கட்டம் 30 அம்பியராக இருந்தால் வேகமாக ஏற்றும் கருவியைப் பூட்டுவதற்கு முன் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

இவற்றுக்கு வரி எஞ்சின் கொள்ளளவில் அல்ல, மோட்டாரின் கிலோவாற்றில் கணக்கிடப்படுகிறது. 2025 இல் ஒரு தொகுதி மின்சாரக் கார்களின் மோட்டார் வலு சரியாக அறிவிக்கப்பட்டதா என்று சுங்கம் தடுத்துவைத்து, விடயம் நீதிமன்றம் வரை போனது. ஆகவே வாங்கும்போது சுங்கப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பற்றரியின் மிஞ்சிய ஆரோக்கியத்தைக் கருவியில் பார்த்துச் சொல்லும் மெக்கானிக் எங்கள் பக்கம் அரிது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பழைய ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் வாழ்ந்த மண் இது. இந்தத் தொழிலையும் பிடித்துக்கொள்வார்கள், நாளெடுக்கும்.

அண்ணா வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறார். கார் எடுக்கவா, பட்டா (சிறிய லொறி) எடுக்கவா?

காசு அனுப்புபவருக்குப் படத்தில் கார்தான் அழகு. உழைக்கப் போகிறீர்கள் என்றால் பட்டாதான். மரக்கறி, நெல், ஐஸ் பெட்டி, கல்யாணக் கதிரை எல்லாம் ஏறும். விற்கப் போனாலும் ஒரு கிழமைக்குள் ஆள் கிடைக்கும். "வானை எடுத்து ஆடி, ஆவணியில் வரும் வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடலாம்" என்பது அடிக்கடி கேட்கும் திட்டம். அந்த இரண்டு மாதம் நல்லூர், மடு என்று ஓட்டம் இருக்கும். மீதிப் பத்து மாதத் தவணைக்கு என்ன வழி என்று அண்ணாவிடம் இப்போதே பேசுங்கள். தனிப்பட்ட பாவனைக்குக் காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறது. இனி உங்களைப் போன்ற நிலையங்கள் எதற்கு?

நியாயமான கேள்வி. இக்மன், ரியசெவன ஆகிய விளம்பரத் தளங்களில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் இன்று ஆட்கள் வாசலுக்கு வருகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த விலை அவர்களுக்கும் தெரியும். முன்பு அந்த அறியாமையில் உழைத்த நிலையங்கள் இருந்தன. அவற்றில் சில மூடிவிட்டன, அதற்காக நாங்கள் அழவில்லை. பத்து வாகனத்தைச் சொந்தக் காசில் வாங்கி நிறுத்தும் பலமும் இப்போது பலருக்கு இல்லை. வட்டி தின்றுவிடும். நாங்களே பாதிக்கு மேல் ஊர்க்காரரின் வாகனங்களைத்தான் நிறுத்தியிருக்கிறோம். மிச்சம் இருக்கும் வேலை பத்திரத்தைச் சரிபார்ப்பது, பெயர் மாற்றத்தை முடித்துக் கொடுப்பது, பழுதை மறைக்காமல் சொல்வது. அதற்குத்தான் தரகு வாங்குகிறோம். அதைச் செய்யாத நிலையத்துக்குத் தரகு கொடுக்காதீர்கள்.

முற்பணம் கட்டிவிட்டு மனம் மாறினால்?

லீசிங் மறுக்கப்பட்டாலோ, பத்திரத்தில் பிழை இருந்தாலோ முழுவதும் திருப்பித் தரப்படும். வெறுமனே மனம் மாறினால், அந்த நாட்களில் வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததற்காக ஒரு தொகை கழிக்கப்படும். எவ்வளவு என்பது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறது. காசைக் கொடுப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள். எங்களிடம் மட்டுமல்ல, எங்கே கட்டினாலும்.